கடைசியாக எடுத்த எண்

ராஜாங்கத்தின் வீட்டுக்குள் டவர் கிடையாது. பேச வேண்டுமென்றால் வாசலைத் தாண்டி, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே போனில் மூன்று கோடு காட்டும். இரண்டடி தள்ளி நின்றால் ஒன்றும் காட்டாது.

தினமும் காலை ஏழரைக்கு வள்ளியம்மாள் அங்கேதான் நிற்பாள். கொட்டகையிலிருந்து பார்த்தால் அவள் முதுகு மட்டும் தெரியும். காதில் போன். மற்றொரு கையால் தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருப்பாள். திடீரென்று தோள் குலுங்கும். சிரிக்கிறாள் என்று அர்த்தம்.

ராஜாங்கம் தவிட்டைக் கரைத்தபடி அந்தத் தோளைப் பார்ப்பார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். அந்தத் தோள் இந்தக் கொட்டகைப் பக்கம் திரும்பி ஒரு நாளும் அப்படிக் குலுங்கியதில்லை.

ஐப்பசியில் மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது அவள் கொல்லையில் விழுந்தாள். செஞ்சிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிரஷர் இருநூற்றுப் பத்து. மூன்று நாள் வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஏறினால் கை கால் இழுத்துக்கொள்ளும், உயிரே போகலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ராஜாங்கத்திடம்தான் சொன்னார். அவர் தலையாட்டினார்.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போதுதான் புதிதாக ஒரு திட்டம் ஆரம்பித்திருந்தார்கள். வீட்டில் இருந்தபடியே பிரஷர் பார்த்துக்கொள்ளலாம். டிஸ்சார்ஜ் அன்று ஒரு மிஷினைக் கொடுத்தார்கள். பட்டையைக் கையில் சுற்றிப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் எண் வரும். நீலப் பொத்தானை அழுத்தினால் அந்த எண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். உள்ளேயே சிம் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது எழிலரசன் என்ற நர்ஸ். அதுவும் போனில்தான், ஸ்பீக்கரில்.

"கடைசியா எடுத்த எண்ணுதான் எங்களுக்கு வரும்மா. தப்பா கட்டிட்டீங்கன்னா பயப்படாதீங்க. அவுத்துட்டு மறுபடியும் எடுங்க. அப்புறமா நீலத்த அமுக்குங்க."

வள்ளியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து அளவெடுப்பாள். மிஷினைத் தூக்கிக்கொண்டு தொட்டியடிக்குப் போவாள். நீலத்தை அழுத்துவாள். மிஷினில் தெரியும் எண் அவள் கண்ணுக்குப் பிடிபடாது. கண்ணாடி போடச் சொல்லி மூன்று வருடமாகிறது. எண்ணை அந்த நர்ஸ்தான் போன் போட்டுச் சொல்வான். எண் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவர்கள் பத்து நிமிடம் பேசினார்கள்.

எழிலரசன். ராஜாங்கம் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பெயர் வைத்திருக்கிறான் பார்.

முதலில் கருவாடு நின்றது. பிறகு ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போனது. ஒரு நாள் குழம்பில் கை வைத்தவர் நிமிர்ந்தார்.

"உப்பு போட மறந்துட்டியா?"

"மறக்கல மாமா. அந்தத் தம்பி சொல்லிச்சு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல கூடாதாம்."

"பிரஷர் உனக்கா எனக்கா?"

"ரெண்டு சட்டி வெச்சா ஆக்க முடியும்? அதயும் கேட்டேன். உங்க வூட்டுக்காரரும் அதயே சாப்ட்டா அவருக்கும் நல்லதுதாம்மான்னு சொல்லிச்சு."

அவன் தன்னைப் பற்றியும் பேசுகிறான். ராஜாங்கம் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

டீக்கடையில் பெரியதம்பி பிடித்துக்கொண்டான். ஊரில் எது நடந்தாலும் முதலில் அவன் காதுக்குத்தான் போகும்.

"இன்னா ராஜாங்கம், உன் வூட்டுக்காரிக்குத் தெனம் போன் வருதாமே. எம்பொண்ணுகூட எனக்கு மாசம் ஒரு தரம்தான் பண்ணுது."

"ஆஸ்பத்திரிலேர்ந்து."

"பேரு இன்னா?"

ராஜாங்கம் சொன்னார்.

"எழிலரசனா! பேரக் கேட்டாலே பிரஷர் எறங்கிடும்போல இருக்குதே."

கடையே சிரித்தது. ராஜாங்கமும் சிரித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

தன் மேலேயே அவருக்கு எரிச்சலாக இருந்தது. அவன் மகன் வயதுப் பையன். அவள் அவனைத் தம்பி என்கிறாள், அவன் அம்மா என்கிறான். தப்பாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை. அவர் தப்பாக நினைக்கவும் இல்லை. அப்படி நினைக்க முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கத்தியிருக்கலாம். போனைப் பிடுங்கித் தொட்டியில் போட்டிருக்கலாம். இதற்கு என்ன பெயர் சொல்லிக் கத்துவது?

தை பிறந்து பத்து நாள் இருக்கும். மாட்டை அவிழ்க்கக் கொட்டகைக்குப் பின்பக்கம் போனவருக்கு அவள் குரல் தெளிவாகக் கேட்டது. காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது.

"கோட்டைய நான் பொறந்ததுலேர்ந்து பாக்குறேன் தம்பி. ஒரு தரம்கூட ஏறினதில்ல. எங்க சிங்கவரம் கோயிலு படி எத்தினியோ தரம் ஏறியிருக்கேன். அது சாமிக்கு. கோட்டைக்கு யாரு கூட்டிம்போவாங்க? எங்கெங்கேர்ந்தோ காரு போட்டுக்கினு வந்து ஏறுதுங்க. மேல நின்னா எங்க வூடு எம்மாத்தம் தெரியும்னு ஒரு தரம் பாக்கணும். அவ்ளோதான்."

நடுவில் அவன் ஏதோ கேட்டான்.

"அவருகிட்டயா? கேட்டதில்ல. கேட்டா, அங்க இன்னா வெச்சிருக்குதும்பாரு."

ராஜாங்கம் மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அப்படித்தான் சொல்லியிருப்பார். அதே வார்த்தையைத்தான். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக்கூடக் கொடுக்கவில்லையே.

மத்தியானம் சோறு போடும்போது கேட்டார்.

"காலைல இன்னா பேசின?"

"பிரஷரப் பத்திதான். நூத்தி அறுவத்தாறாம். இன்னும் கொறையணுமாம்."

"வேற?"

"வேற இன்னா? ரசம் ஊத்தவா?"

மாத்திரை தீர்ந்தபோது அவரே செஞ்சிக்குப் போனார். வழக்கமாக அவளும் வருவாள். வேண்டாம், வெயில் என்றார்.

மருந்து வாங்கும் இடத்துக்கு எதிரில் ஒரு கண்ணாடி அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றின் முன்னால் ஒரு பெண். இன்னொன்றின் முன்னால் ஒல்லியாக ஒருவன். காது இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. காதுகளின் மேல் மைக்கோடு சேர்ந்த ஒரு வளையம். பக்கத்தில் பாதி தின்ற எலுமிச்சைச் சாதம். வாயைத் திறந்ததும் ராஜாங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பீக்கரில் மிஷினைச் சொல்லிக்கொடுத்த அதே குரல்.

"தூங்கினீங்களாம்மா? கால் வீங்குதா? இன்னா சாப்ட்டீங்க? அடேங்கப்பா, அப்பளமா? அப்பளத்துக்கு நான் இன்னும் பர்மிஷனே கொடுக்கலியேம்மா."

அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவி சிரிக்கும் சத்தம் வளையத்துக்கு வெளியே வரை கேட்டது. அவன் அடுத்த ஆளுக்குப் போட்டான். தூங்கினீங்களாம்மா? அதே இழுவை, அதே அக்கறை. ராஜாங்கம் நின்ற நேரத்தில் ஐந்து பேர்.

ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஊருக்கே கொடுக்கிறான், அவள் தனக்கு மட்டும் என்று வைத்திருக்கிறாள். அதுவும் போதுமானதாக இருக்கிறது அவளுக்கு. தான் மட்டும் எதுவும் கொடுக்காத ஆள்.

மாத்திரைச் சீட்டைப் பிடித்தபடி அந்தப் பெண்ணிடம் கேட்டார். சட்டையில் பூங்குழலி என்று பெயர் குத்தியிருந்தது.

"எல்லாருக்கும் தெனம் இப்படிப் பேசுவீங்களாம்மா?"

"முன்னாடி பேசினோம் ஐயா. நாப்பது பேருன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. இப்ப நூத்தி நாப்பது. நாங்க ரெண்டு பேருதான். அதனால சிவப்புக்கு மட்டும்தான் போன்." திரையைக் காட்டினாள். பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி. பச்சை, சிவப்பு. "எண்ணு அதிகமா வந்தா இது சிவப்பாயிடும். சிவப்பு பச்சையாகிற வரைக்கும் தெனம் கூப்டுவோம்."

"பச்சையா இருந்தா?"

"பச்சைன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். எதுக்குப் போன்?"

வள்ளியம்மாள், சிங்கவரம். நான்காவது வரி. சிவப்பு.

அதற்குள் அவன் வளையத்தைக் கழற்றிவிட்டுத் திரும்பினான். "யாருக்கு மாத்திரை ஐயா?"

ராஜாங்கம் சொல்ல நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

"சிங்கவரம் அம்மா வூட்டுக்காரரா!" அவன் எழுந்தே விட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்க ஐயா. முட்டி வலி இப்ப எப்படி இருக்குது? மாடு ஒதைச்சதாமே. அம்மா தெனம் சொல்லுவாங்க."

"பரவால்ல," என்றார் ராஜாங்கம். உட்காரவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முட்டி வலித்தது.

மறுநாள் காலை அவள் மிஷினை எடுக்கும்போது கையை நீட்டினார்.

"குடு. நான் கட்டறேன்."

"உனக்குத் தெரியுமா?"

"நேத்து ஆஸ்பத்திரில பாத்துக்கினுதான் வந்தேன். எண்ணையும் நானே பாத்துச் சொல்றேன். நீ எதுக்கு அதத் தூக்கிக்கினு வெளிய போற?"

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அந்தப் பார்வையில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை அவர் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பட்டையைச் சுற்றினார். அவள் கை மெலிந்திருந்தது. பொத்தானை அழுத்தினார். பட்டை விம்மி அடங்கியது. நூற்று அறுபத்தெட்டு.

"எவ்ளோ மாமா?"

"கொறைஞ்சிருக்குது."

மிஷினோடு தொட்டியடிக்குப் போனார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை ஏற்றினார். பட்டையைத் தன் கையில் சுற்றினார். பச்சை. நூற்றுப் பதினெட்டு. நீலத்தை அழுத்தினார்.

ஏழரைக்கு வள்ளியம்மாள் போனை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள். எட்டு மணி வரை நின்றாள்.

"போன் வரலியே."

"நல்லா இருந்தா பண்ண மாட்டாங்களாம். நேத்து அங்கயே சொன்னாங்க."

"அப்ப நான் நல்லா இருக்கேனா?"

"நூத்திப் பதினெட்டு."

மறுநாள் ஒரே ஒரு தடவை அவன் கூப்பிட்டான். இப்ப அவருதான் கட்டறாரு என்றாள். நல்லா வந்துட்டுச்சும்மா, இப்படியே பாத்துக்குங்க என்றான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. ஒரு வாரம் அவள் பழக்கத்தில் தொட்டியடிக்குப் போய் நின்றாள். பிறகு போவதை விட்டாள்.

ராஜாங்கம் காத்திருந்தார். அவனிடம் போன பேச்சு இனித் தன்னிடம் வரும் என்றுதான் நினைத்திருந்தார். மத்தியானம் சோற்றுக்கு முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார் ஒரு நாள்.

"இன்னா அப்புறம்?"

"சும்மாதான்."

அவள் ரசம் ஊற்றினாள். உப்பு இல்லாத ரசம். வீடு முன்பைவிட அமைதியாகிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அளவெடுக்கும்போது மட்டும் பேசினாள். "நீ வந்து கட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து கொறைஞ்சுபோச்சு பாரு," என்றாள் ஒரு காலை. மிஷினில் நூற்று எழுபத்திரண்டு என்று இருந்தது. அவர் மிஷினைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைத்தார். நாளைக்கு அவள் எண்ணையே அனுப்பிவிடலாம். அனுப்பினால் ஏழரைக்குப் போன் வரும். அவள் தொட்டியடிக்குப் போவாள். தோள் குலுங்கும். நாளைக்கு என்று தள்ளினார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா வீடியோவில் வந்தார். மாதத்துக்கு ஒரு தடவை அப்படிப் பார்ப்பது திட்டத்தில் உண்டு. வள்ளியம்மாள் தொட்டியடியில் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜாங்கம் பக்கத்திலேயே நின்றார்.

"ரொம்ப நல்லா இருக்கீங்க வள்ளியம்மா. பதினாலு நாளும் பச்சை. ராத்திரி போடற மாத்திரைய நிறுத்திப் பாப்போம். காலை மாத்திரை மட்டும் போதும்."

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"நான் கோட்டைக்கு ஏறலாமா?"

டாக்டரம்மா சிரித்தார். "ராஜாக்கோட்டை வேணாம், அது ஒசரம். ராணிக்கோட்டைக்குப் போங்க. வெயிலுக்கு முன்னாடி, உக்காந்து உக்காந்து ஏறுங்க."

போன் அணைந்தது. வள்ளியம்மாள் திரும்பினாள். அவள் முகம் கழுவிவிட்டது போல இருந்தது.

"செவ்வாக்கெழம போலாமா மாமா?"

அங்கே இன்னா வெச்சிருக்குது என்று சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. அவரால் சொல்ல முடியவில்லை.

அன்று ராத்திரி அந்த மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு நீட்டினார்.

"இத நிறுத்தச் சொல்லிட்டாங்களே."

"இருந்தா இன்னா, போட்டுக்க. மிச்சம் இருக்குதில்ல."

"மிச்சம் இருக்குதுன்னு மருந்து திம்பாங்களா? உனக்கு இன்னா ஆச்சு?"

அடுத்த ராத்திரியும் நீட்டினார். அவள் கோபித்துக்கொண்டாள். மூன்றாம் ராத்திரி குழம்பில் கலந்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை நூற்று எழுபத்தெட்டு. அவள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அவர் தொட்டியடிக்குப் போனார். இன்று அவள் எண்ணை அனுப்பிவிட்டால் போதும். அவன் கூப்பிடுவான், போக வேண்டாம் என்று அவனே சொல்லிவிடுவான். கல்லில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். அவன் சொன்னால் கேட்பாள். அவன் சொல்லித்தான் கேட்பாள்.

பட்டையைத் தன் கையில் சுற்றினார். நூற்று முப்பத்து நான்கு வந்தது. அவருக்கு அவ்வளவு வந்ததே இல்லை. அனுப்பினார். பிறகு மிஷினை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

"அது எதுக்கு மாமா?"

"இருக்கட்டும்."

பஸ்ஸில் செஞ்சி. அங்கிருந்து ஆட்டோ. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பெங்களூர்க்காரர்கள் நான்கு பேர் தொப்பியோடு நின்றார்கள். வள்ளியம்மாள் செருப்பைக் கழற்றப் போனாள். இது கோயில் இல்லை என்றார். அவள் சிரித்தாள். தோள் குலுங்கியது. அவர் பக்கத்தில் நின்றபோதே குலுங்கியது.

முதல் இருபது படி அவள் முன்னால் போனாள். முப்பதில் மெதுவானாள். நாற்பதைத் தாண்டியதும் பாறையில் கை வைத்து நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"உக்காரு."

"ஒண்ணுமில்ல." பின்கழுத்தைத் தேய்த்தாள். "பொடறியில லேசா வலிக்குது. நின்னா சரியாயிடும்."

"எறங்கலாம் வா."

"டாக்டரம்மாவே ஏறச் சொல்லிட்டாங்க. நீ ஏன் மாமா பயப்படற?" அடுத்த படியில் கால் வைத்தாள்.

ராஜாங்கம் அவள் முந்தானையைப் பிடித்தார். சின்னப் பிள்ளை பிடிப்பது போலப் பிடித்தார்.

"அது என் கை."

"இன்னாது?"

"நூத்திப் பதினெட்டு வந்தது என் கையில. உன்னுது இல்ல. உனக்கு எடுத்துட்டு, தொட்டிகிட்ட போயி நான் கட்டிக்கினு அனுப்பினேன். உனக்குக் கொறையவே இல்ல வள்ளி. இன்னிக்கும் நூத்தி எழுவத்தெட்டு."

பெங்களூர்க்காரர்கள் அவர்களைத் தாண்டி ஏறினார்கள். வழி விட வேண்டியிருந்தது. அவள் பாறையோடு ஒட்டி நின்று வழி விட்டாள். அவர்கள் போன பிறகு மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா?"

"பதினெட்டு நாளா."

"ஏன்?"

அவர் கீழே ரோட்டைப் பார்த்தார். திருவண்ணாமலை பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"தெனம் அவன்கிட்ட பேசற," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை.

"அதுக்கா?" என்றாள்.

பிறகு கையை நீட்டினாள். அவர் பையிலிருந்து மிஷினை எடுத்தார். பட்டையைச் சுற்றினார். பொத்தானை அழுத்தினார். நூற்றுத் தொண்ணூற்றாறு. இந்த முறை மிஷினைத் திருப்பிக்கொள்ளவில்லை. எண்ணை வாய்விட்டுச் சொன்னார்.

"அனுப்பு," என்றாள்.

நீலத்தை அழுத்தினார். பாறை மேல் டவர் நன்றாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது.

அவள் போகத் தொட்டியடி இல்லை. அவருக்கு முன்னால், ஒரு படி மேலே உட்கார்ந்து அவரைப் பார்த்தபடியே பேசினாள். அவள் அவனோடு பேசும்போது முகம் எப்படியிருக்கும் என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தார். இது அதில் எதுவும் இல்லை. பயந்த முகம். ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாது என்று வாயைச் சற்றே திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் குரலும் கேட்டது. விளையாட்டில்லாத குரல்.

"அம்மா, நூத்தித் தொண்ணூத்தாறு காட்டுது. எங்க இருக்கீங்க? உக்காந்திருக்கீங்களா? பேச்சு கொழறுதா? கை, கால் மரத்துப்போன மாதிரி இருக்குதா?"

"இல்ல தம்பி. தலதான் வலிக்குது."

"காலையில நூத்தி முப்பத்து நாலுதானே வந்துது? எப்படிம்மா இது? மிஷின்ல கோளாறா? ஐயாதானே இப்ப கட்டறாரு?"

ராஜாங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவரு இல்ல தம்பி," என்றாள் வள்ளியம்மாள். "நாந்தான். கையத் தூக்கி வெச்சுக்கினு எடுத்துட்டேன். பதினெட்டு நாளா அப்படித்தான் எடுத்தேன். இப்பதான் தெரிஞ்சுது."

"அய்யோ அம்மா! நான் அன்னிக்கே சொன்னேனே, கையத் தூக்கி வெச்சா எண்ணு கொறைவாக் காட்டும்னு. அத வெச்சு மாத்திரைய வேற நிறுத்திட்டாங்க. பெரிய ஆபத்தும்மா இது."

"தப்புதான் தம்பி."

"ஐயா பக்கத்துல இருந்துமா கவனிக்கல?"

"அவருக்கு இதெல்லாம் இன்னா தெரியும். எம்மேலதான் தப்பு."

அவன் இன்னும் திட்டினான். அவள் சரி தம்பி, சரி தம்பி என்று கேட்டுக்கொண்டாள். பார்வை ராஜாங்கத்தின் மேலேயே இருந்தது. அந்தப் பார்வையில் மன்னிப்பு எதுவும் இல்லை. ஆனால் அவனிடம் அவள் சொல்லாத ஒன்று கடைசியில் இருந்தது. அதை அவரும் அவளும் மட்டும் வைத்திருந்தார்கள். ராஜாங்கத்துக்கு நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. குளிர்ந்ததை நினைத்து உடனே கூசியது.

"லைன்லயே இருங்க, டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு வரேன்," என்று போனவன் திரும்பி வந்தான். "நிறுத்தின மாத்திரை இப்ப கையில இருக்க வாய்ப்பு இல்லல்ல? காலை மாத்திரை போட்டாச்சா?"

"காலையிலது போட்டாச்சு. அது இங்க எப்படித் தம்பி இருக்கும்?"

ராஜாங்கம் சட்டைப் பையில் கை விட்டார். மாத்திரையின் மேல் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. வேட்டி நுனியில் துடைத்து நீட்டினார்.

அவள் மாத்திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இருக்குது தம்பி," என்றாள்.

"இருக்குதா? நல்லதாப் போச்சு. போட்டுக்கினு நெழல்ல உக்காருங்க. ஏற வேணாம். ஆட்டோ பிடிச்சு நேரா இங்க வந்துடுங்க, நான் வாசல்ல நிக்கறேன்."

அவள் மாத்திரையை விழுங்கினாள். அவர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். போனை அணைத்து மடியில் வைத்தாள். மேலே பெங்களூர்க்காரர்கள் யாரையோ கூப்பிட்டுக் கத்தும் சத்தம் கேட்டது. இன்னும் எவ்வளவோ படி இருந்தது.

"வள்ளி."

"பேசாத மாமா."

அவள் வடக்குப் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மரங்களும் அதற்கப்பால் ஒரு குன்றும் தெரிந்தன. வீடு தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். எழும்போது தடுமாறியது. அவர் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பட்டை சுற்றிச் சுற்றி முழங்கைக்கு மேல் லேசாகத் தடம் விழுந்திருந்த கை.

பிடித்துக்கொண்டு இறங்கினாள்.